ஆட்சேபணையம்மா

அந்தக் கோர்ட்டில் அவருக்கு ஆட்சேபணையம்மா என்று பெயர். வைத்தவர்கள் ஆண் வக்கீல்கள், கேலிக்குத்தான் வைத்தார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் சாட்சியிடம் கேள்வியை முழுசாகக் கேட்டு முடிப்பதற்குள் கவுனை இழுத்துவிட்டுக்கொண்டு "ஆட்சேபணை" என்று எழுந்து நின்றுவிடுவார். நாளடைவில் கேலி உதிர்ந்துபோய்ப் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. கேண்டீனில் டீ ஆற்றுகிறவர்கூட "ஆட்சேபணையம்மாவுக்குச் சக்கரை கம்மி" என்றுதான் குரல் கொடுப்பார். அவருக்கும் உள்ளூரச் சந்தோஷந்தான். "அப்பா அம்மா வச்ச பேரை விட இது எனக்குப் பொருத்தமா இருக்கு" என்பார்.

அப்பேர்ப்பட்டவர் ஒருநாள் காலை, பெண் வக்கீல்கள் அறையில் கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டிருக்கும்போதே சரிந்து விழுந்தார். மூளைக்குப் போகிற ரத்தக்குழாயில் அடைப்பு. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தபோது வலது கையும் வலது காலும் மரக்கட்டையாக இருந்தன. பேச்சு போய்விட்டிருந்தது. முழுசாகப் போயிருந்தால்கூட மனசைத் தேற்றிக்கொண்டிருக்கலாம். ஒரே ஒரு சொல் மட்டும் வாயில் தங்கிவிட்டது.

"சரி."

தண்ணீர் வேண்டுமா என்றாலும் சரி. வலிக்கிறதா என்றாலும் சரி. கோபத்தில் முகம் சிவந்து, இடது கையால் கட்டில் சட்டத்தைக் குத்திக்கொண்டே சொல்வதும் அதே சரி.

"மத்தவங்க பேசறது அவங்களுக்குப் புரியும்," என்றார் டாக்டர். "பதிலும் மனசுல இருக்கும். வாய்க்கு வர்ற வழியில தொலைஞ்சு போயிடும். அந்தச் சரியைச் சம்மதம்னு எடுத்துக்காதீங்க. தலையாட்டறதும் சமயத்துல மாறிப் போகும். எழுதிக் காட்டச் சொல்லியும் படுத்தாதீங்க, எழுத்தும் அதே வழியிலதான் வரணும்."

மகனும் மருமகளும் கேட்டுக்கொண்டார்கள். நாளாக ஆக இரண்டு பேருக்குமே அது மறந்துபோனது. மறப்பது சௌகரியமாக இருந்தது.

மருமகள் இந்த வீட்டுக்கு மருமகளாக வருவதற்கு முன்னால் அவருடைய ஜூனியர். சட்டம் படித்து முடித்துவிட்டு வேலை தேடிப் போன முதல் சீனியர் அவளிடம் கேட்ட கேள்வி, "கல்யாணம் ஆகற வரைக்குமா, ஆன பிறகுமாம்மா?" இரண்டாமவர் சேர்த்துக்கொண்டார். வாய்தா வாங்குவதற்கும், கட்சிக்காரர் வீட்டுப் பெண்கள் வந்து அழுதால் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுப்பதற்கும். அங்கே ஒரு வருஷம் முதுகு தடவிவிட்டுத்தான் ஆட்சேபணையம்மாவின் படியேறினாள்.

"குறுக்கு விசாரணை பண்ணியிருக்கியா?"

"இல்லை மேடம்."

"பயமா?"

"குடுக்கலை மேடம்."

"அடுத்த வாரம் பண்றே. ஒரு திருட்டு கேஸ். தோத்தாலும் பரவாயில்லை, உளறாம தோக்கணும்."

அவருடைய அலுவலகத்தில் பெண்களை மட்டுந்தான் சேர்ப்பார். "ஆம்பளைப் பசங்களுக்கு மீதி அத்தனை ஆபீஸும் இருக்கே" என்பார். அவர் வக்கீலாக வந்த காலத்தில் அந்தக் கோர்ட்டில் பெண்களுக்கு உட்கார அறை கிடையாது. கழிப்பறை கிடையாது, எதிர்ச்சாரியில் இருந்த பல் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சொத்தைப் பல் காட்டுகிறவர்கள் மாதிரி வரிசையில் நின்று திரும்ப வேண்டும். அறை கேட்டு மனுக் கொடுத்துப் பார்த்தார். பிறகு ஒரு கோடை முழுக்க, வக்கீல் சங்க மண்டபத்து வாசலில் சொந்த மேஜையைப் போட்டு உட்கார்ந்து கட்சிக்காரர்களைப் பார்த்தார். உள்ளே போகிற பெரிய வக்கீல்கள் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் போக வேண்டியிருந்தது. சங்கச் செயலாளர் ஆள் வைத்து மேஜையைத் தூக்கி முற்றத்தில் போட்டார். இவர் முற்றத்தில் வெயிலில் உட்கார்ந்தார். மாவட்ட நீதிபதி காரை விட்டு இறங்கி, "என்னம்மா இது?" என்று கேட்ட பிறகுதான் அறை வந்தது. அறையோடு கழிப்பறையும் வந்தது. பின்னால் அதே அறையின் மூலையில், கைக்குழந்தைக்காரிகளுக்காக ஒரு தொட்டிலும் வந்தது.

கொலைக் கேஸ் பெண்களுக்குத் தர மாட்டார்கள். ஜீவனாம்சம், விவாகரத்து, குழந்தை யார் வசம் என்பதோடு சரி. இலவச சட்ட உதவிக்கு வருகிற கொலைக் கேஸ்களை யாரும் சீண்டாதபோது இவர் அள்ளிக்கொண்டு வந்து ஜூனியர்களுக்குப் பிரித்துக் கொடுத்தார். அவர்களில் சிலர் இப்போது மாஜிஸ்திரேட்டுகள். ஒருத்தி அரசு வக்கீல். வேலையை விட்டுப் போனவர்களும் உண்டு. அப்படிப் போனவள் ஒருத்தியை அழைத்துவரப் புகுந்த வீட்டுக்கே போனார். காபி கொடுத்து, "அவளோட மாமனார் படுக்கையில இருக்காரும்மா, இப்ப தோதுப்படாது" என்று மரியாதையாக அனுப்பிவைத்தார்கள். திரும்பி வந்தவர் ஆபீஸில் கத்தினார்: "வீட்ல ஒருத்தர் படுத்தா உடனே பொண்ணு கவுனைக் கழட்டணுமா? அந்த வீட்ல வேற யாருக்கும் கை இல்லையா?"

இந்த ஜூனியரை மகனே விரும்பிக் கட்டிக்கொண்டபோது, அவர் எல்லாரிடமும் ஒன்றைச் சொல்லிச் சிரித்தார்: "நல்ல ஜூனியரைக் கைவிட்டுப் போகாம வச்சுக்க வேற வழி தெரியலை. மகனைக் குடுத்துட்டேன்."

கோர்ட்டில் மேடம், வீட்டில் அத்தை. அவசரத்தில் இரண்டும் மாறிப்போகும். நீதிபதி முன்னால் ஒருமுறை "அத்தை, அந்த ரெண்டாவது சாட்சியோட வாக்குமூலம்" என்று அவள் கிசுகிசுக்க, பெஞ்சு கிளார்க் சிரித்துவிட்டார்.

இப்போது வீட்டு நிலவரம் இதுதான். பகலில் பார்த்துக்கொள்ள ஒரு ஆயா வந்துகொண்டிருந்தாள். அவள் மகளுக்குப் பிரசவம் என்று போனவள் திரும்பவில்லை. அடுத்து வந்தவளுக்கு ஆளைத் தூக்கி உட்கார வைக்க இடுப்பு ஒத்துழைக்கவில்லை. அதற்கடுத்தவள் தூங்கினாள். மகன் குளிர்பதனக் கிடங்கு ஒன்றில் மேற்பார்வையாளன். மீன் பெட்டிகள் வந்து இறங்குகிற நேரம் அவன் அங்கே இருந்தாக வேண்டும். இருந்த விடுப்பெல்லாம் ஆஸ்பத்திரியிலேயே கரைந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை சித்தி வந்தாள். வக்கீலம்மாவுக்கு உடன்பிறந்த தங்கை. கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஆரஞ்சு உரித்தாள்.

"மருமகளை வச்சுக்கிட்டு ஆயா தேடறீங்களே, இது எந்த ஊர் நியாயம்?"

"அவளுக்குக் கேஸ் இருக்கு சித்தி," என்றான் மகன்.

"கேஸ் எல்லாருக்குந்தான் இருக்கு. ஒரு ஆறு மாசம். அப்புறம் போகட்டும். கோர்ட் எங்கயும் ஓடிப் போயிடாது."

மருமகள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "தையல்காரி கேஸ் பாதியில இருக்கு சித்தி. அடுத்த வாரம் டாக்டரை விசாரிக்கணும்."

"அதை யாராவது பெரிய வக்கீல்கிட்ட குடுத்துட வேண்டியதுதானே? ஆம்பளை ஒருத்தர் வாதாடினா அந்தப் பொம்பளைக்கும் நல்லதுதான்."

மகன் அம்மாவின் பக்கம் குனிந்தான். "அம்மா, இவ கொஞ்ச நாள் வீட்ல இருந்து உன்னைப் பாத்துக்கட்டும். அந்தக் கேஸை வேற ஒருத்தர்கிட்ட ஒப்படைச்சுடலாம். சரிதானே?"

"சரி," என்றார் வக்கீலம்மா.

"பாத்தியா, அவளே சொல்லிட்டா," என்றாள் சித்தி.

மருமகள் நிமிர்ந்து பார்த்தாள். மாமியாரின் கண்கள் அவள் மேலேயே குத்திட்டு நின்றன. இடது கை போர்வையைக் கசக்கிக்கொண்டிருந்தது. அவள் பார்வையைத் திருப்பிக்கொண்டாள். அவளுக்கும் களைப்பு. தூக்கித் துடைத்து, உடை மாற்றி, புரட்டிப் படுக்க வைத்துவிட்டு, அப்படியே கோர்ட்டுக்கு ஓடி ஓடி உடம்பு ஓய்ந்துபோயிருந்தது. யாராவது நில் என்று சொன்னால் போதும் என்றிருந்தது. அந்தச் சரியை அவளும்தான் வாங்கிக்கொண்டாள்.

தையல்காரி ஜெயிலில் இருந்தாள். குடித்துவிட்டு வந்து அடிக்கிற புருஷன் மாடிப்படியில் மண்டை உடைந்து செத்துக் கிடந்தான். இஸ்திரிப் பெட்டியால் அடித்துக் கொன்றாள் என்பது போலீஸ் கட்சி. தள்ளாடி விழுந்தான் என்பது இவர்கள் கட்சி. பிரேதப் பரிசோதனை செய்த டாக்டரை எப்படிக் கேட்கிறோம் என்பதில்தான் கேஸே தொங்கிக்கொண்டிருந்தது. ஆட்சேபணையம்மா விழுந்த பிறகு மருமகள்தான் நடத்தி வந்தாள்.

திங்கட்கிழமை மத்தியானம் ஒரு கையில் பருப்புச் சோற்றுக் கிண்ணத்தோடு, மாமியார் அறை வாசலிலேயே நின்று அவள் போனில் பேசினாள். மறுமுனையில் பேர்பெற்ற கிரிமினல் வக்கீல்.

"சார், இந்த ஒரு வாய்தா மட்டும் நானே வாங்கிடறேன். வீட்டுல உடம்பு சரியில்லைன்னு சொல்லிக்கறேன். கேஸ் கட்டு உங்களுக்கு வந்துடும்."

"விவேகமான முடிவும்மா," என்றார் அவர். "முதல்ல வீட்டைப் பாரு."

கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய் ஸ்பூனை நீட்டினாள். ஆட்சேபணையம்மா வாயைத் திறக்கவில்லை.

"ஒரு வாய் அத்தை."

உதடுகள் பூட்டின மாதிரி இருந்தன. சாயங்காலம் வரை அப்படியே. மகன் வேலையிலிருந்து வந்து அதே சோற்றைச் சூடு பண்ணி ஊட்டினான், சாப்பிட்டார். மறுநாளும் அதே கதை. சாயங்காலம் வந்த சித்தி ஊட்டினால் உள்ளே போனது. மருமகள் கையென்றால் வாய் மூடிக்கொண்டது. தண்ணீர்கூட இறங்கவில்லை. பகலெல்லாம் வெறும் வயிறு, கன்னம் ஒட்டிப்போயிற்று.

"வாய் போயும் மாமியார்த்தனம் போகலை பாரு எங்க அக்காவுக்கு," என்று சித்தி சிரித்தாள்.

"இப்படியே போனா மூக்கு வழியாக் குழாய் போட வேண்டியதுதான்," என்றார் டாக்டர்.

மகன் சமையலறையில் வந்து நின்றான். "நீ அவங்களை என்ன சொன்னே?"

"நான் என்ன சொல்லப் போறேன்?"

"சும்மா யாராவது இப்படிப் பண்ணுவாங்களா? உன் முகத்துல சலிப்பு தெரிஞ்சிருக்கும். அவங்களுக்கு எல்லாம் புரியுதுன்னுதான் டாக்டர் சொன்னாரே."

அவள் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். தேய்த்து முடித்த பாத்திரத்தையே மறுபடியும் எடுத்துத் தேய்த்தாள். கை பிடித்துத் தன்னை வளர்த்த மனுஷி தன் கையை அருவருக்கிறாள் என்பதை அவளால் தாங்க முடியவில்லை.

விசாரணைக்கு முதல்நாள் சாயங்காலம் குமாஸ்தா கேஸ் கட்டை வாங்கிப் போக வந்தார். இருபது வருஷமாக ஆட்சேபணையம்மாவிடம் வேலை பார்த்தவர். கட்டு, கட்டிலுக்குப் பக்கத்து மேஜையில் இருந்தது. அவர் அதை எடுக்கவும், வக்கீலம்மாவின் இடது கை நீண்டு கட்டைச் சுற்றியிருந்த நாடாவைப் பிடித்துக்கொண்டது.

"விடுங்க மேடம். அந்த சாருக்குக் குடுத்துட்டு வரணும்."

"சரி," என்றார். விடவில்லை.

குமாஸ்தா மெல்ல இழுத்தார். அந்த இழுப்பில் வக்கீலம்மாவின் உடம்பு பாதி கட்டிலை விட்டுச் சரிந்தது. அப்போதும் விடவில்லை. "சரி. சரி. சரி." எச்சில் வழிந்தது. மகன் ஓடிவந்து தோளைப் பிடித்தான். மருமகள் வாசற்படியில் நின்று அந்தக் கையைப் பார்த்தாள். விரல் கணுக்கள் வெளுத்துப்போயிருந்தன. கோர்ட்டில் மேஜை விளிம்பைப் பற்றிக்கொண்டு எழுந்து நிற்கும்போது அந்த விரல்கள் அப்படித்தான் வெளுக்கும்.

அவள் வந்து தரையில் மண்டி போட்டு உட்கார்ந்தாள்.

"இதுக்குத்தானா மேடம்? நான் வாய்தா வாங்கறேன்னதுக்கா?"

"சரி," என்றார். அதை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அங்கேயே, அவர் கண் முன்னாலேயே போன் போட்டாள்.

"சார், மன்னிச்சுக்கோங்க. கட்டு வராது. நாளைக்கு டாக்டரை நானே விசாரிக்கறேன்."

பிறகு எழுந்து போய்க் கிண்ணத்தில் சோறு பிசைந்து எடுத்து வந்தாள். ஸ்பூனைக்கூட எடுக்கவில்லை, கையாலேயே நீட்டினாள். ஆட்சேபணையம்மா வாயைத் திறந்தார். வலது பக்க உதட்டில் வழிந்த சோற்றைத் துடைத்துவிட்டுத் துடைத்துவிட்டு ஊட்டினாள். கண்ணீர் இரண்டு பேருக்கும் வந்தது. மகன் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தான். அவனுக்கும் புரிந்துவிட்டது.

மறுநாள் ஒரு பகலைக் குமாஸ்தாவின் மனைவி வந்து சமாளித்தாள். கோர்ட்டில் அந்த டாக்டர், படிக்கட்டு விளிம்பில் விழுந்தாலும் அதே மாதிரிக் காயம் வர வாய்ப்புண்டு என்று ஒப்புக்கொண்டார். அந்த ஒரு வாக்கியத்தை வாங்க அவளுக்கு மத்தியானம் வரை பிடித்தது. உளறவில்லை.

ஆனால் ஒரு பகலோடு முடிகிற காரியமா? புருஷனும் பெண்டாட்டியும் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து பேசினார்கள்.

"என்னால வேலையை விட முடியாது," என்றான்.

"என்னால மட்டும் முடியுமா?"

"உன் வேலை வேற. ஆறு மாசம் நிறுத்தலாம், மறுபடியும் ஆரம்பிக்கலாம். எனக்கு அப்படியா?"

"நிறுத்தினவங்க யாரும் ஆரம்பிச்சதில்லைங்க. அத்தை கிட்ட கேளுங்க. கேட்டா சரின்னுதான் சொல்வாங்க."

கடைசியில் அகப்பட்டது நோயாளிகளைத் தங்க வைத்துப் பராமரிக்கிற ஒரு இல்லம். ஓய்வு பெற்ற இரண்டு நர்சுகள் நடத்தினார்கள். பினாயில் வாசனை, வரிசையாகக் கட்டில்கள், ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். சுத்தமாக இருந்தது. ஆள் போதாது என்பது பார்த்ததுமே தெரிந்தது. வேறு வழி தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து மருமகள் எதையும் மறைக்காமல் சொன்னாள். "அத்தை, அங்க வீட்டு மாதிரி இருக்காது. அவசரமா ஊட்டுவாங்க. கூப்பிட்டா உடனே வர மாட்டாங்க. வேண்டாம்னா நான் இங்கயே இருக்கேன். நிஜமாத்தான் சொல்றேன்."

ஆட்சேபணையம்மா வெகுநேரம் அவளைப் பார்த்தார். சரி என்றுகூடச் சொல்லவில்லை. அவள் தன் மேல் வைத்திருந்த கையை இடது கையால் எடுத்தார். விலக்கினார். அறை வாசல் பக்கமாகத் தள்ளினார். அவள் மறுபடி வைத்தாள். மறுபடியும் தள்ளினார்.

அதைப் பார்த்தது அவளும் புருஷனும் மட்டுந்தான்.

இல்லத்தில் அவர் சுருங்கிக்கொண்டே வந்தார். அங்கே உதவிக்கு இருந்த பெண்கள் கெட்டவர்கள் இல்லை. ஒருத்திக்குப் பத்துப் படுக்கை. படுத்த வாக்கிலேயே ஊட்டினார்கள். புரையேறியது. மருமகள் தினமும் கோர்ட் விட்டு நேராக அங்கே போவாள். கவுனோடு உட்கார்ந்து, அன்றைக்கு யார் என்ன கேட்டார், நீதிபதி எதற்கு முகம் சுளித்தார் என்று ஒன்று விடாமல் சொல்வாள். அந்த நேரம் மட்டும் அவர் முகத்தில் பழைய ஆள் வந்து போவார். மழைக்காலம் தொடங்கியபோது இருமல் வந்தது. பிறகு காய்ச்சல். நுரையீரலில் சளி கட்டிவிட்டது என்றார்கள். ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். மகன் எப்படியோ விடுப்பு வாங்கி உட்கார்ந்தான்.

அந்த வாரம் தையல்காரி கேஸில் இறுதி வாதம் வந்தது. மருமகள் போனை அணைத்துப் பைக்குள் போட்டுவிட்டு எழுந்து நின்றாள். நடுவில் குமாஸ்தா கோர்ட் ஹால் கதவருகே வந்து நின்றதைக் கவனித்தாள். அவர் உள்ளே வரவில்லை. அவள் பேசி முடித்து உட்காரும் வரை கதவைப் பிடித்துக்கொண்டே நின்றிருந்தார்.

"எப்ப?" என்று கேட்டாள் வெளியே வந்து.

"நீங்க ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துல."

"ஏன் சொல்லலை?"

"சொல்லியிருந்தா நீங்க உக்காந்திருப்பீங்க," என்றார் குமாஸ்தா. "மேடம் என்னைச் சும்மா விட்டிருக்க மாட்டாங்க."

சாவுக்குக் கூட்டம் கூடியது. கறுப்பு வெள்ளை உடையில் பெண்களாக வந்து வாசலையும் தெருவையும் அடைத்துக்கொண்டு நின்றார்கள். அன்றைக்கு மேஜையைத் தூக்கி முற்றத்தில் போட்ட செயலாளர், இப்போது வயசாகிப் பெரிய மனிதர், மைக் பிடித்து, பெண் குலத்துக்கே விளக்கு என்று பேசினார். எல்லாரும் போன பிறகு சொந்தக்காரர்கள் மட்டும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். சித்தி புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"ஊருக்கெல்லாம் நல்லது பண்ணினா எங்க அக்கா. கடைசியில அநாதை மாதிரி எங்கயோ கிடந்து போய்ச் சேந்தா. மருமக கோர்ட்டுக்குப் போகணுமே. ஒரு வாய் சோறு இவ கையால இறங்கலையே அவளுக்கு. அப்பவே தெரிஞ்சிருக்கு பாருங்க."

யாரோ உச்சுக் கொட்டினார்கள். மருமகள் புருஷனைப் பார்த்தாள். அவனுக்குத் தெரியும். நாடாவைப் பிடித்த கை தெரியும். வாசல் பக்கம் தள்ளிய கை தெரியும். அவன் தலையைக் குனிந்துகொண்டு தரையைப் பார்த்தான். அவள் சொல்லலாம். சொன்னால், ஒரு சொல்லைத் தவிர வேறு பேசாத மனுஷி உன்னைப் போகச் சொன்னாளா என்பார்கள். தனக்குத் தானே சாட்சி சொல்வது எந்தக் கோர்ட்டிலும் எடுபடாது. எழுந்து உள்ளே போனாள்.

இரண்டு வாரம் கழித்துத் தீர்ப்பு. கொலை நிரூபணமாகவில்லை. ஆனால் சண்டையில் தள்ளி மரணம் விளைவித்தாள் என்று ஏழு வருஷம். தூக்கோ ஆயுளோ கிடைக்க இருந்தது ஏழு வருஷமாயிற்றே என்று சக வக்கீல்கள் கை கொடுத்தார்கள். அவளுக்கு அந்தக் கைகளைப் பிடிக்கத் தெம்பில்லை.

மேல்முறையீட்டுக்குக் கையெழுத்து வாங்க ஜெயிலுக்குப் போனாள். தையல்காரி கம்பிக்கு அந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தாள். விஷயம் அவளுக்கு எட்டியிருந்தது.

"பெரியம்மா போயிட்டாங்களாமே."

"ஆமா."

"யாரும்மா பாத்துக்கிட்டது?"

மருமகள் சொன்னாள். இல்லத்தைச் சொன்னாள். கூடத்தில் சித்தி பேசியதையும் சொன்னாள். கட்சிக்காரியிடம் வீட்டுக் கதை பேசக்கூடாது என்பது ஆட்சேபணையம்மாவே சொல்லிக் கொடுத்த பாடம். அன்றைக்கு மீறிவிட்டாள்.

"நீங்க என்ன சொன்னீங்க?" என்றாள் தையல்காரி.

"ஒண்ணும் சொல்லலை."

"வீட்டுக்காரரு?"

"அவரும்தான்."

தையல்காரி கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவைத் திருப்பிக் கொடுத்தாள். "நான் அவன் அடிச்சதை வெளியில சொல்லாம இருந்தேன்னுதானே நீங்க என்னைத் திட்டினீங்க. பக்கத்து வீட்ல ஒருத்திகிட்டயாவது சொல்லியிருந்தா இன்னைக்கு சாட்சி இருந்திருக்கும்னு. எனக்குச் சொல்லத் தெரியுது உங்களுக்கு."

வீட்டுக்கு வந்தபோது சாயங்காலம். புருஷன் அம்மாவின் கட்டிலைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்துக்கொண்டிருந்தான். அவள் பையைக் கீழே வைத்தாள்.

"அத்தை ஏன் என் கையால சாப்பிடலைன்னு உங்களுக்குத் தெரியும்."

அவன் நிமிரவில்லை. "தெரியும்," என்றான்.

"போகச் சொன்னது யாருன்னும் தெரியும்."

"தெரியும்."

"அப்ப அன்னைக்கு ஏன் சொல்லலை?"

"சாவு வீட்ல எதுக்கு வாக்குவாதம்னு..." அவன் துணியால் கையைத் துடைத்தான். "சொன்னா, பெத்த பிள்ளை நீ என்னடா பண்ணினேன்னு என்னைக் கேப்பாங்க. அதுக்கு என்கிட்ட பதில் இல்லை."

"என்கிட்ட மட்டும் இருந்துச்சா? சித்திக்குப் போன் போடுங்க."

"இப்பவா? நாளைக்கு நேர்ல போய்ப் பக்குவமா..."

"இப்ப."

அவன் போனை எடுத்தான். எண்ணைத் தேடி எடுத்துவிட்டு, கட்டை விரல் அப்படியே நின்றது. அவள் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"போடுங்க," என்றாள். "நான் எங்கயும் போகலை."

மறுமுனையில் மணி அடிப்பது அவளுக்கும் கேட்டது.